நோகோ சார் நடத்திய வினாடி வினா

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே எண்ணப்படாத பொருள் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் நோகோ சாரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். தெருவிளக்குக் கம்பம், ரேஷன் கடை ஷட்டரின் மடிப்பு, பஸ் ஸ்டாப் கூரையில் உள்ள ஆணி, கிளப் வாசலில் படுத்திருக்கும் நாயின் வாலில் உள்ள கறுப்பு வளையம் என்று அந்த மனிதர் எண்ணாமல் விட்டது எதுவும் கிடையாது. நாய் மட்டும் ஆரம்பத்தில் ஒத்துழைக்கவில்லை. பிறகு அதுவும் பழகிக்கொண்டது.

எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர்கள். நான் அங்கே கிளார்க். நோகோ சார் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. மிஷினிலிருந்து வரும் உருப்படியில் துளை சரியான அளவில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு கேஜ் உண்டு. ஒரு கைப்பிடி, இரண்டு பக்கமும் எஃகு முனை. ஒரு முனைக்குப் பெயர் 'கோ'. அது துளைக்குள் போக வேண்டும். மறுமுனைக்குப் பெயர் 'நோ-கோ'. அது போகக் கூடாது. போய்விட்டால் உருப்படி கழிவு, உடனே ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி ஓரமாகப் போட்டுவிடுவார்.

இந்த இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு அவர் முப்பது வருஷம் குடும்பமும் நடத்தினார். இட்லி மெத்தென்று இருந்தால் 'கோ'. ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தால் 'நோ-கோ'. மகளைப் பெண் பார்க்க வந்த பையனை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, சமையலறையில் மனைவியிடம் அவர் "நோ-கோ" என்று ரகசியமாகச் சொன்னது எதிர் பிளாக் வரை கேட்டதாம். பையனுக்கு அர்த்தம் புரியாததால் கேசரியை இன்னொரு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான் என்பார்கள். அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் வினாடி வினா பார்த்துவிட்டு ஊரே ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்தது. எங்கள் கிளப்பான மனமகிழ் மன்றத்தின் செகரட்டரிக்கும் ஆசை வந்தது. அவர் பூந்தமல்லிக்காரர். எதையும் மன்ற ஆண்டு விழாவில் சேர்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு பொது அறிவுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேராக நோகோ சார் வீட்டுக்குப் போனார். காரணம், மைக் தகராறு செய்தாலும் கவலையில்லாத குரல் அவருடையது. நானும் கூடப் போயிருந்தேன்.

நோகோ சார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார்.

"ஒலகத்துலயே ஒசரமான மலை. ஒசரம் இவ்ளோன்னு போட்டுகீது. நீ அளந்தியா?"

"நான் எங்க சார் அளக்கறது? அதான் புக்ல கீதில்ல?"

"புக்கு போட்டவன் அளந்தானா?"

"அத்த நான் இன்னாத்த கண்டேன்?"

"நீயும் அளக்கல, அவனும் அளக்கல. செக் பண்ணாத சரக்க நான் எப்டிய்யா பாஸ் பண்றது? நோ-கோ."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனையோடு போட்டியை நடத்த ஒப்புக்கொண்டார். விடையைத் தானே நேரில் போய்ச் சரிபார்க்காத ஒரு கேள்வியும் அவர் வாயிலிருந்து வராது. இதனால் உலகம், இந்தியா, வரலாறு, விஞ்ஞானம் எல்லாம் ஒரே நாளில் போட்டியிலிருந்து விலகிக்கொண்டன. மிச்சம் இருந்தது ஆவடியும் அக்கம்பக்கமும்தான். அது அவருக்குத் தாராளமாகப் போதும்.

முதல் வருஷம் நாலு அணிகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சைக்கிள் மணி. விடை தெரிந்தவர் மணியடிக்க வேண்டும். கிளப் ஹாலின் மின்விசிறிகளுக்கு மொத்தம் எத்தனை இறக்கை? ஸ்டேஷன் மேம்பாலத்தில் எத்தனை படி? பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் எத்தனை பேர் உட்காரலாம்? இந்தக் கடைசிக் கேள்வியைச் சரிபார்ப்பதற்காக, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களைப் பிடித்து வரிசையாக உட்கார வைத்ததில் காலை ஷிப்டுக்குப் பத்துப் பேர் லேட்.

ஒலிச் சுற்று ஒன்றும் வைத்தார். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் மாடிப்படி மாடிப்படியாக ஏறி இறங்கி, வீடு வீடாகக் குக்கர் விசில் பதிவு செய்திருந்தார். "இது யாரு ஊட்டு குக்கர்?" என்று போட்டுக் காட்டினார். ஆண்கள் முழித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து, கேள்வி முடிவதற்குள் விடை வந்தது. அதோடு நிற்காமல், அது சாதமா பருப்பா, கேஸ்கெட்டை மாற்றி எத்தனை மாதம் ஆகிறது என்ற விவரமும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு ஹாலே சிரித்துச் சிரித்துப் புரண்டது. அடுத்த வருஷம் கூட்டம் இரட்டிப்பானது.

கூட்டம் பெருகப் பெருகப் போட்டியும் நீண்டது. மூன்று மணிக்கு ஆரம்பித்தால் ஆறுக்குத்தான் முடியும். செகரட்டரிக்கு மெல்லிசைக் கச்சேரி ஒன்று வைக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. அதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஒருநாள் மன்றக் கூட்டத்தில் பொறுக்க முடியாமல், "சார் இன்னா பெரிய தப்பே பண்ணாதவரா?" என்று கேட்டுவிட்டார்.

நோகோ சாருக்குச் சுருக்கென்றது. அங்கேயே ஒரு காகிதத்தை வாங்கித் தன் கைப்படத் தீர்மானம் எழுதினார். நான் சொல்லும் விடைகளில் ஒன்றே ஒன்று தவறென்று நிரூபணமானாலும் வினாடி வினா அன்றோடு நிறுத்தப்படும், இப்படிக்கு, என்று கையெழுத்தும் போட்டார். வெளியே வந்ததும் நான், "எதுக்கு சார் இப்படி எழுதிக் கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"கேஜ தூக்கி ஸ்டோர்ல குடுத்துட்டு ரிட்டயர் ஆயிட்டா எனக்கு இன்னாய்யா கீது? இது ஒண்ணுதான் கீது. இதுல ஒரு தப்பு சரக்கு போச்சுன்னா நடத்தறதுல அர்த்தமே இல்ல" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு போட்டி முடிந்த மறுநாள் காலையிலேயே அடுத்த போட்டிக்குக் கேள்வி தேட சைக்கிளை எடுத்துவிடுவார். அப்படி ஒரு தடவை பட்டாபிராமில் ராணுவச் சரக்கு ரயில்கள் நிற்கும் சைடிங்கில் வேலிக்கு வெளியே நின்று, கையில் நோட்டோடு சரக்குப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். காவலுக்கு இருந்தவர் வந்து, யாருக்காக எண்ணுகிறாய் என்று கேட்டார். "வினாடி வினாவுக்கு" என்றால் எந்தக் காவலர் நம்புவார்? மூன்று மணி நேரம் காவல் அறையில் உட்கார வைத்து, தொழிற்சாலைக்கு போன் போட்டு விசாரித்து, இவர் ஆபத்தில்லாதவர் என்று தெரிந்த பிறகு அனுப்பினார்கள். வேறு யாராவது என்றால் அவமானத்தில் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இவர் அங்கிருந்தும் ஒரு கேள்வியோடு திரும்பினார்.

அந்த வருஷப் போட்டியில் அதைக் கேட்டார். "பட்டாபிராம் சைடிங் காவல் அறை ஜன்னலில் எத்தனை கம்பி?"

மூன்றாவது மேஜையில் மணி அடித்தது. அடித்தவர் எங்கள் குவார்ட்டர்ஸில் சனிக்கிழமை பஜனை நடத்துகிற பெரியவர். நெற்றி நிறைய விபூதியோடு எழுந்து, "எட்டு" என்றார்.

"நோ-கோ. ஏழு."

"எட்டுதான் சார்! ராத்திரி பூரா உக்காந்து எண்ணியிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஹால் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. முக்கியமாக, பெண்கள் வரிசையில் இருந்து அவர் மனைவி பார்த்தார். பெரியவர் மெதுவாக உட்கார்ந்து, "ஏழாத்தான் இருக்கும்" என்று முனகினார். அவர் எதற்காக அங்கே ராத்திரி தங்க நேர்ந்தது என்பது இன்றுவரை வெளியே வரவில்லை.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். ராத்திரி முழுக்க எண்ணினவர் எப்படித் தப்பாக எண்ணியிருப்பார்? மேம்பாலத்துக்குப் போய்ப் படிகளை எண்ணினேன். நோகோ சார் சொன்னதைவிட ஒன்று அதிகம். மின்விசிறி இறக்கை, ஒன்று அதிகம். பஸ் ஸ்டாப் ஆணி, ஒன்று அதிகம். அதுவரை நாங்கள் எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் விடை சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்று இடித்தால் நம் கணக்குதான் பிசகு என்று நினைத்துக்கொள்வோம். இன்ஸ்பெக்‌ஷன்காரர் எண்ணினதைச் சந்தேகப்படுவதா?

ஒருநாள் அவர் புதிதாகப் போட்ட வேலிக்கல்லை எண்ணும்போது பின்னாலேயே நின்று பார்த்தேன். முதல் கல்லைத் தொட்டு, "ஃபர்ஸ்ட் பீஸ்" என்று வாய்க்குள் சொன்னார். இரண்டாவது கல்லைத் தொட்டு, "ஒண்ணு" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். தொழிற்சாலையில் மிஷினிலிருந்து விழும் முதல் உருப்படி கணக்கில் வராது. அதை மாதிரியாக மேஜைமேல் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடுத்ததிலிருந்துதான் எண்ணுவார்கள். முப்பது வருஷம் அப்படி எண்ணின கை, உலகத்தில் உள்ள அத்தனைக்கும் முதலாவதைத் தனியே எடுத்து வைத்துவிட்டது. தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது.

நான் யோக்கியமாக அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் எண்ணி ஒன்றைக் கழித்துச் சொல்லி, இரண்டு வருஷம் வரிசையாக முதல் பரிசான எவர்சில்வர் குடத்தை வாங்கினேன். ரகசியத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் தண்ணீர்க் குழாயடியில் ஒரே ஒருத்தியிடம் சொன்னாள். தீபாவளிக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த போட்டியில் நாலு அணியும் ஒன்றைக் கழித்துச் சொன்னது. "இந்த வருஷம் எல்லாரும் நல்லா தயார் பண்ணிகினு வந்துகீறீங்க" என்று நோகோ சார் பூரித்துப் போனார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யார் போய்ச் சொல்வது? சொன்னால் தீர்மானப்படி போட்டி நின்றுவிடும். இப்படியே ஐந்தாறு வருஷம் ஓடியது.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம் மல்லிகா வந்தாள். பாரிவாக்கத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிற டர்னர் ஒருவரைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கழிக்கிற விஷயத்தை மருமகளிடம் மகன் சொல்லியிருப்பான் என்று மாமியார் நினைத்தார். அம்மா சொல்லியிருப்பாள் என்று மகன் நினைத்தான்.

கேள்வி, குவார்ட்டர்ஸ் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு எத்தனை படி என்பது. மல்லிகா முதலில் மணியடித்தாள்.

"தொண்ணூத்தி ஏழு."

"நோ-கோ."

நான் மணியடித்து, "தொண்ணூத்தாறு" என்றேன்.

"கோ!"

"இன்னா சார் கோ?" மல்லிகா எழுந்துவிட்டாள். "எங்க அம்மா ஊடு தெரியுதான்னு பாக்கறதுக்கு நேத்துதான் மேல ஏறினேன். ஏறச்சொல்லவும் எண்ணினேன், எறங்கச்சொல்லவும் எண்ணினேன். தொண்ணூத்தி ஏழு."

அவள் கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். மாமியார் கண்ணால் ஜாடை காட்டினார். "நான் எண்ணினத நான் சொல்லக் கூடாதா?" என்று அவள் இருவரையும் கேட்டாள். செகரட்டரி நாற்காலியை விட்டு எழுந்து, "தொட்டி எங்கியும் ஓடிப் பூடல. போய் எண்ணிட்டா போச்சு" என்றார். பல வருஷமாகக் காத்திருந்த கச்சேரி அவர் கண்ணில் தெரிந்தது. நோகோ சார் துளிகூடக் கலங்கவில்லை. "வாங்க, எல்லாரும் வாங்க" என்று முன்னால் நடந்தார்.

சாயங்கால வெயிலில் இருநூறு பேர் தொட்டியைச் சுற்றி நின்றோம். "நான் ஏறறேன், நீங்க சத்தமா எண்ணுங்க" என்றார் நோகோ சார். முதல் படியில் கால் வைத்தார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது படியில் கால் வைத்தார். "ஒண்ணு!" என்று இருநூறு பேரும் ஒரே குரலில் சொன்னோம். பேசி வைத்துக்கொள்ளவில்லை. யாரும் யாரையும் பார்க்கக்கூட இல்லை. பஜனைப் பெரியவரும் சொன்னார். மல்லிகாவின் மாமியாரும் சொன்னார். போட்டி நிற்கட்டும் என்று வந்த செகரட்டரியும், கையில் மைக்கோடு, இரண்டாம் படிக்குத்தான் "ஒண்ணு" என்றார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். "தெரியல மாமே, மொத படிக்கு வாயே வரல" என்றார்.

நோகோ சார் மூன்றாவது படிக்குக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தன் காலடியைப் பார்த்தார். திரும்பி எங்களைப் பார்த்தார்.

"மொத படிக்கு ஏன் யாரும் சத்தம் குடுக்கல?"

அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. எனக்குப் பொய் சொல்ல நா எழவில்லை.

"எத்தினி வருஷமா?" என்று கேட்டார்.

"ஒரு ஆறு வருஷமா, சார்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான் சார்."

"இவங்க எல்லாருக்கும் தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் இறங்கித் தரைக்கு வந்தார். மறுபடி முதல் படியில் காலை வைத்து, ஆவடி ஸ்டேஷனுக்குக் கேட்கிற மாதிரி, "ஒண்ணு!" என்றார். அப்புறம் தானே எண்ணிக்கொண்டு தனியாக ஏறினார். நாங்கள் யாரும் கூட எண்ணவில்லை. உச்சியிலிருந்து அவர் குரல் வந்தது.

"தொண்ணூத்தி ஏழு! பாரிவாக்கத்துப் பொண்ணு, கோ!"

இறங்கி வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்துத் தன் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மல்லிகா அழுதுவிட்டாள்.

மறுநாள் காலையில் பழைய சரக்கையெல்லாம் திரும்பப் பெறும் வேலையை ஆரம்பித்தார். ஜெயித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் வந்து, மன்னிப்புக் கேட்டு, குடத்தில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டுப் போனார். என் மனைவி அந்தச் சீட்டோடு ஆறு மாதம் தண்ணீர் பிடித்தாள். பஜனைப் பெரியவர் வீட்டில் அன்றைக்குச் சம்பந்தி வந்திருந்தார்கள். நோகோ சார் வாசலில் நின்றபடியே, "சார், பட்டாபிராம் லாக்கப் ஜன்னல்ல நீங்க எண்ணினது கரெக்டு! எட்டு கம்பிதான்!" என்று நியாயம் வழங்கினார். மூன்று பிளாக்குக்குக் கேட்டது.

தீர்மானத்தை அமல்படுத்தச் சொல்லி மனு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். செகரட்டரி அதை இரண்டு கூட்டம் ஒத்திப்போட்டுப் பார்த்தார். நோகோ சார் விடவில்லை. வினாடி வினா நின்றது. அடுத்த ஆண்டு விழாவில் மெல்லிசைக் கச்சேரி நடந்தது. கச்சேரியில் குறை ஒன்றும் இல்லை. எங்களுக்குத்தான் கை தட்டத் தோன்றவில்லை.

அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். தெருவிளக்கு எரிகிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போவார், வருவார். எங்களால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முதலில் துணிந்தவள் மல்லிகாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் என் வீட்டு ஜன்னலில் நின்று கேட்டேன்.

"சார், மாமியாருக்கும் எனக்கும் பெரிய சண்ட. மாங்காட்டு கோயிலாண்ட எத்தினி பூக்கட கீதுன்னு. நான் பதினேழுன்றேன், அது பதினஞ்சுன்னுது. நீங்கதான் பாத்து சொல்லணும்."

"நான் நோ-கோ சரக்கும்மா. என்னை ஏன் கேக்கற?"

"நீங்க சொன்னாத்தான் அந்தம்மா ஒத்துக்கும் சார். ஊட்ல ஒலையே வெக்கல."

கதவு சாத்திக்கொண்டது. அரை மணி கழித்துத் திறந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் மதியம் வியர்க்க விறுவிறுக்க வந்து, "பதினெட்டு. மொத கடையோட சேத்து" என்றார். மாமியாரும் மருமகளும் அன்றைக்கு ஒன்றாக உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் சண்டை போட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் செகரட்டரிக்கு ஒரு சந்தேகம். அதற்கடுத்த வாரம் எனக்கு. அப்புறம் குவார்ட்டர்ஸில் சந்தேகம் இல்லாத வீடே இல்லை என்று ஆனது. பஜனைப் பெரியவர்கூட, பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல், ஒரு கேள்வியோடு வந்து நின்றார்.

நோகோ சார் ரிட்டயராகி இப்போது பட்டாபிராமில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். வயதாகிவிட்டது. நானும் குவார்ட்டர்ஸை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போய் அவரை ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன். அந்த விடைகள் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "இரு, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புவாரே, அதைப் பார்க்கத்தான் போகிறேன்.